குடை பிடித்து நடந்து பார்த்த முற்றம்

வீட்டு முற்றங்களில் நாட்டுச் செடி வைக்கிற நம்ம வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கேட்ட நாளிலிருந்து உறக்கம் சரியில்லை. நான் எதையாவது தப்பாக எழுதி, அதை நம்பி யாராவது ஒரு செடியைக் கொன்றுவிட்டால்? ஆகையால் குழி எவ்வளவு ஆழம், சாணி எவ்வளவு என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் காட்டித் தருவார்கள். மீதியை மழை காட்டித் தரும்.

நான் சொல்ல நினைப்பது வேறு. நாம் செடி வைக்கிற முற்றம் நம்முடையது அல்ல. அந்த முற்றத்தின் வழியாகத்தான் அந்த வீட்டுக்குக் கல்யாணம் வரும், துக்கம் வரும், கோபித்துக்கொண்டு போன அண்ணன் திரும்பி வருவான். அப்படி ஏதாவது வரும்போது வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். பதறினால் முதலில் செடியைத்தான் வெட்டச் சொல்வார்கள். அந்த நேரத்தில் நாம் எப்படி நிற்க வேண்டும் என்பதை, எனக்கு நடந்த ஒரு காரியத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. எனக்குப் பயம் அதிகம். வேலை முடிந்து பஸ் ஏறப் போகும்போது, கிணற்று மூடியைப் போட்டோமா, வெட்டுக்கத்தியை எடுத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போவேன். என்னோடு கூட வேலை பார்த்த ஓமனா பஸ்ஸைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு, "இந்தச் சேச்சிக்கு வீட்டுக்குப் போகாம இருக்க ஒரு காரணம் வேணும்" என்று கண்டக்டரிடம் சொல்லுவாள். இந்தப் பயத்தை ஒரு குறையாகத்தான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதற்கும் ஒரு உபயோகம் உண்டு என்று தெரிந்தது ஸ்டெல்லா அக்காவின் முற்றத்தில்.

ஸ்டெல்லா அக்கா பனச்சமூட்டில் தையல் கடை வைத்திருந்தார். வீடு ஜங்ஷனிலிருந்து உள்ளே இறங்குகிற சாலையில், ஒரு சரிவில். கணவர் இல்லை. ஒரே மகன் ஜினு, நெய்யாற்றின்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவனுக்குப் பெண் பார்த்து, இரண்டு இடத்திலிருந்து பெண்வீட்டார் வந்து வீடு பார்த்துப் போனார்கள். "போயிட்டுச் சொல்றோம்" என்றார்கள். இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. "ஆம்பிள இல்லாத வீடுன்னு பாத்தாலே தெரியுது" என்று ஒருத்தி திரும்பிப் போகும் வழியில் கடையில் சொன்னது மட்டும் சுற்றி வந்து அக்காவின் காதில் விழுந்தது.

அக்கா எங்களைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. பகல் முழுக்க மெஷினில் குனிந்திருந்துவிட்டு வருகிறவருக்கு, வீட்டுக்கு வந்தால் கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது வேண்டும். வண்டியில் கொண்டுவருகிறவனிடம் வாங்கி வைத்த அழகுச் செடிகள் எல்லாம் ஒரு கோடையில் கருகிப்போயின. "தண்ணி ஊத்த ஆளில்ல பிள்ளே. தானா நிக்குற செடி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். இந்த ஊர் வேலியிலும் இடவழியிலும் தானாக நிற்கிறவற்றையே கொண்டுவந்து வைத்தோம். தெச்சி, ஆடாதோடை, நந்தியாவட்டை, கிருஷ்ணகிரீடம், கிலுகிலுப்பை. பின்பக்கம் எலுமிச்சை மாதிரியான ஒரு பழைய நாரக மரம் முன்பே நின்றது. கேட்டின் மேல் கருடக்கொடி. கருடக்கொடி நின்றால் பாம்பு உள்ளே வராது என்று இங்கே எல்லாரும் அதைக் கேட்டில்தான் ஏற்றுவார்கள். பாம்பு வருமா வராதா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அக்கா ஆசைப்பட்டார், ஏற்றினோம். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று பின்வேலியிலும் ஒன்று வைத்தேன்.

நாட்டுச் செடிகளுக்கு முதல் மழைக்காலத்தில் ஒரு வெறி வரும். நீங்களும் பார்ப்பீர்கள். இடவப்பாதி மழை தொடங்கியபோது முழங்கால் உயரம் இருந்தது, ஓணம் நெருங்கும்போது ஆள் உயரம் ஆகிவிட்டது. பாதை எது, முற்றம் எது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன்.

"பிள்ளே, ஜினுவுக்குப் பேசின தனுவச்சபுரத்துப் பெண்வீட்டுக்காரங்க ஓணம் கழிஞ்சு வாறோம்னு சொல்லியிருந்தாங்க. இப்ப இந்தச் சனிக்கிழமையே வாறாங்களாம். நீ ஒண்ணு வந்து பாக்கணும்."

நானும் ஓமனாவும் போய்ச் சேரும்போது அங்கே அக்காவின் அண்ணன் ராஜய்யன் நிற்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்து, சொந்த முற்றம் முழுவதும் இன்டர்லாக் கல் பதித்து வைத்திருப்பவர். அவர் பக்கத்தில் ஒருவர் புல் வெட்டுகிற மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, கயிற்றை இழுப்பதற்கு உத்தரவு வருமா என்று காத்து நிற்கிறார்.

"முற்றம்னா மண்ணு தெரியணும்டீ" என்று அண்ணன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "இது என்ன, காடாக்கும். வாறவங்க வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கணும். கேட்டைப் பாத்தியா? புழுவாக்கும் தொங்குது!"

அது உண்மைதான். கருடக்கொடியில் ஒரு இலை இல்லை. வெறும் தண்டு கேட்டில் சுற்றிக் கிடந்தது. அதில் விரல் தடிமனில், கறுப்பும் சிவப்புமாக, உடம்பெல்லாம் முனை முனையாகத் துருத்திக்கொண்டு புழுக்கள். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய பட்டாம்பூச்சி பறக்குமே, அதன் குஞ்சுகள். கடிக்காது, அரிக்காது. ஆனால் பெண் கொடுக்க வருகிறவர்களை நிறுத்தி வைத்து அதை விளக்க முடியுமா? வாசலில் ஏற்றின கொடியில் புழு வந்தால், வருகிறவர்கள் தலையில்தான் விழும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாம்பை மட்டும் நினைத்தோம்.

அக்கா சிட்அவுட்டுத் திண்ணையில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். இந்தச் சம்பந்தமும் போனால், முற்றத்தைக் காடாக்கின பாவி நான்தான். "வெட்டிரலாம் அண்ணே" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெட்டினாலும் தெச்சி திரும்பத் துளிர்க்கும். ஒரு வருஷம் போகும், அவ்வளவுதானே என்று மனசு கணக்குப் போட்டது.

ஆனால் என் பயம் ஒரே இடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. அது அடுத்த இடத்துக்குப் போயிற்று. எல்லாவற்றையும் வெட்டினால் இந்தச் சரிவில் வெறும் செம்மண். சனிக்கிழமை மழை பெய்தால்?

"அண்ணே, மொத்தமா வெட்டினா மழைக்குச் சேறாயிரும். வாறவங்க காலு வழுக்கும்."

"மழை பெய்யாது."

"பெஞ்சா?"

"நீ எல்லாத்துக்கும் இப்படிப் பெஞ்சா, விழுந்தா, செத்தான்னுதான் கேப்பியா?"

"கேப்பேன் அண்ணே."

ஓமனா சிரித்துவிட்டாள். மெஷின்காரரும் சிரித்தார். அண்ணனுக்குக் கோபம் ஏறியது. "எலே, நீ இழுடே கயித்தை" என்றார்.

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா படி இறங்கி வந்தார். "இழுக்காத" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீ சொன்னபடி ரெண்டு தடவை மண்ணு தெரியத்தானே தூத்து வச்சேன் அண்ணே? ஒரு புல்லு உண்டா அண்ணைக்கு? ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்களா? இந்தத் தடவை என் முற்றம் என் முற்றமாட்டு இருக்கட்டு" என்றார்.

அந்தப் பேச்சுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அந்த இடத்தில் நான் தைரியமாக நின்றேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். நின்றது அவர். நான் அவர் பின்னால் நின்றேன். இந்த வேலையில் பாதி நேரம் நம்மைக் காப்பாற்றுவது வீட்டுக்காரியின் ஒரு வார்த்தைதான்.

மெஷின்காரர் போய்விட்டார். அண்ணனும் முனகிக்கொண்டே போனார். இப்போது முற்றம் எங்கள் கையில். எதை வெட்டுவது, எதை விடுவது? அதற்கு என் பயத்தையே கேட்டேன். பெண்வீட்டார் கேட்டைத் திறந்து படி ஏறுகிறது வரைக்கும் எங்கெங்கே எனக்கு நெஞ்சு அடிக்கிறதோ, அங்கே மட்டும் கத்தி வைப்பது. நினைத்துப் பார்த்தால் போதாது என்று தோன்றியது. ஓமனாவைப் பிடித்தேன்.

"எடீ, அக்காட்ட ஒரு பட்டுச்சேலை வாங்கி உடுத்துட்டு, குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு கேட்டுல இருந்து நடந்து வா. நீதான் பெண்வீட்டுக்காரி."

வேலைக்குப் போடுகிற நைட்டிக்கும் சட்டைக்கும் மேலே பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு, குடையும் பிடித்து, தலையை நிமிர்த்திக்கொண்டு ஓமனா வந்த வரவு இருக்கிறதே! "எந்தா ஸ்டெல்லே, பையன் கண்ணாடிக் கடையிலாணோ? ஓ, அப்ப அவனுக்குக் கண்ணு தெரியுமான்னு நாங்க கேக்க மாட்டோம்." அக்கா அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

குடை ஆடாதோடைக் கிளையில் தட்டியது. அந்தக் கிளையை வெட்டினேன். சேலை முந்தி கிலுகிலுப்பையில் மாட்டியது; அதைப் பின்னால் இழுத்துக் கட்டினேன். திருப்பத்தில் ஓமனாவின் கால் பாசியில் வழுக்கியது, "என்டம்மோ" என்று என் மேல் விழுந்தாள். பாசியைத் தேங்காய்ச் சகிரி நாரால் உரசி எடுத்து, உடைந்த செங்கல்லைத் தட்டிப் போட்டோம். திரும்பவும் நடக்கச் சொன்னேன். திரும்பவும். "எனக்கே சம்பந்தம் ஒத்துப் போச்சு, விடு சேச்சி" என்றாள். குடை எங்கும் தட்டாமல் வந்த பிறகுதான் விட்டேன்.

இன்னொன்றும் செய்தோம். பாதையின் இரண்டு பக்கமும், ஒரு வாரியல் போகிற அகலத்துக்கு மட்டும், புல்லை எடுத்து மண் தெரியப் பெருக்கிவிட்டோம். அதற்கு அப்பால் ஒன்றையும் தொடவில்லை. அந்தப் பெருக்கின கோடு விழுந்ததும் காடு போயிற்று, தோட்டம் வந்தது. செடி ஒன்றும் குறையவில்லை. இங்கே ஒரு ஆள் தினமும் நடமாடுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான். இதை மறக்காதீர்கள். வீட்டுக்காரர்கள் "எல்லாத்தையும் வெட்டு" என்று சொன்னால் பாதிக்குப் பாதி அவர்கள் கேட்பது இந்தக் கோட்டைத்தான்.

புழுக்களைத் தண்டோடு சேர்த்து எடுத்து, பின்வேலிக் கொடியில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே இன்னும் இலை இருந்தது.

சனிக்கிழமை மழை பெய்தது. நான் வேண்டியது அது அல்ல. ஆனால் பெய்தது. எங்காவது ஒரு புழு மிச்சம் இருந்து விழுந்தால் எடுக்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னை வரச் சொல்லியிருந்தார். நான் வீட்டின் பக்கவாட்டில், கிணற்றின் அருகே, வாரியலோடு நின்றேன்.

வந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். பெண்ணின் அப்பா, அதிகம் பேசாதவர். அவருடைய அக்கா, பெண்ணுக்கு மாமி. பேச வேண்டியதை அவர்தான் பேசினார். கேட்டிலேயே தொடங்கிவிட்டார்.

"இது என்ன, கொடியா, கயிறா?"

ராஜய்யன் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குடை பிடிக்க வந்திருந்தார். அவர் சொல்கிறார்: "கருடக்கொடியாக்கும். பூச்சி தின்னுது. திரும்ப வரும். இஞ்ச எல்லாம் நாட்டுச் செடியாக்கும், மருந்து ஒண்ணும் அடிக்கது இல்ல." ஏதோ அவரே நட்டது போல. பின்னாலிருந்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் தங்கச்சியை விட்டுக்கொடுக்கவில்லை.

மாமி பட்டுச்சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்பத்தைக் கடந்தார். கால் வழுக்கவில்லை. குடை தட்டவில்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது.

உள்ளே காப்பி கொடுத்தார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் அவ்வளவுதான் குடிப்பார்கள். சம்மதம் சொல்லாமல் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள், அந்த வீட்டிலிருந்து ஒன்றையும் கையில் வாங்கிக்கொண்டு போகவும் மாட்டார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணின் அப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், ஜினுவிடம் இரண்டு வார்த்தை கேட்டார். பிறகு, "போயிட்டுச் சொல்றோம்" என்றார்.

மூன்றாவது தடவையாக அதே வார்த்தை. அக்கா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மாமி படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். முற்றத்தின் நடுவில், மழையில் நனைந்து, கோபுரம் கோபுரமாகச் சிவந்து நின்ற கிருஷ்ணகிரீடத்தைப் பார்த்தார். "இது எங்க இடவழியில கெடந்தது. ரோடு போட்டப்போ எல்லாம் போச்சு" என்றார். பிறகு திரும்பி, "ஸ்டெல்லா, இதுல ஒரு தை தருவியா?"

அப்பாவின் முகம் மாறியது. "எக்கா!" என்று மெல்லச் சொன்னார். மாமிக்கும் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் புரிந்தது. தையை, அந்தச் சின்னக் கன்றை, வாங்கினால் சம்மதம் என்று ஆகும். வேண்டாம் என்று இப்போது சொன்னால் சம்பந்தமும் வேண்டாம் என்று ஆகும். அக்காவாலும் கொடுக்க முடியாது, கொடுக்காமலும் இருக்க முடியாது. கொடுத்தால் வலை போட்டது போல இருக்கும். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் வாரியலைக் கீழே போட்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் திறந்ததும் செடி வேலை தெரிந்த வாய் மாமியைப் பார்த்து அது பாட்டுக்குப் பேசியது.

"அக்கா, இப்பப் பிடுங்கித் தந்தா வாடிரும். வேரோட ஒரு தையை எடுத்து, கவர்ல மண்ணு போட்டு நட்டு, நிழல்ல வைக்கேன். வேரு பிடிச்சு ஒரு புது இலை வரணும். அது வரைக்கும் இஞ்சதான் நிக்கணும்."

நான் சொன்னது பொய் இல்லை. அந்தச் செடிக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். மாமி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையில், நான் செய்தது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டதாக எனக்குத் தெரிந்தது.

"அப்ப நான் இன்னொரு தடவை வரணுமாக்கும்?"

"வந்தாத்தானே வாங்க முடியும் அக்கா."

"ம்" என்றார். குடையை விரித்துக்கொண்டு போனார்கள்.

பிள்ளைகளே, பதற்றத்தில் நிற்கிறவர்களுக்கு நம்மால் கொடுக்க முடிகிற பெரிய உதவி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள ஒரு நல்ல காரணம். ஆமாம் என்றோ இல்லை என்றோ அந்த நிமிஷமே சொல்ல வேண்டாம் என்றால், மனிதர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் யோசிக்கிறார்கள். நம்முடைய செடிகள் அப்படிப்பட்ட காரணங்களை நிறையவே வைத்திருக்கின்றன. வேர் பிடிக்கட்டும், மழை நிற்கட்டும், பூத்து முடியட்டும். உண்மையாக இருக்கிற காரணத்தை மட்டும் சொல்லுங்கள். பொய் சொல்லிச் சமாளித்தால் அடுத்த தடவை நம் வாயை யாரும் நம்ப மாட்டார்கள்.

அன்றைக்கே தையை எடுத்துக் கவரில் நட்டு, நாரகத்தின் நிழலில் வைத்தேன். ஒன்று பட்டுப்போனால் என்ன செய்வது என்று இன்னும் இரண்டு வைத்தேன். பிறகு வேலைக்குப் போகிற வழியில் எல்லாம் பனச்சமூட்டில் இறங்கி, போய்ப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவேன். ஒரு தையில் இரண்டு இலை உதிர்ந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. "அது பட்டா கல்யாணம் நிக்குமா சேச்சி? பேடிக்கண்டா, ஒண்ணும் ஆகாது" என்று ஓமனா திட்டினாள். தனுவச்சபுரத்திலிருந்து போன் வரவில்லை. அக்கா கடைக்குப் போனார், வந்தார், தைகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ வெட்டியிருந்தா" என்றோ "நீ வெட்டாம விட்டியே" என்றோ ஒரு சொல் இல்லை. அதற்கும் நான் கடன்பட்டவள்.

மூன்று தையிலும் புது இலை வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்புகிற நேரம். நான் நாரகத்தின் கீழே குந்தியிருந்தேன். கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாமி இறங்கினார். பின்னால் பெண்ணின் அப்பா, அம்மா. முன்கூட்டி ஒரு போன் இல்லை.

நான் பதறி எழுந்து, மூன்றில் நன்றாக நின்ற கவரைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். மாமி அதைப் பார்க்கவே இல்லை. நேரே படி ஏறினார். சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த அக்காவின் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"ஸ்டெல்லா, பசிக்குது. சோறு உண்டா?"

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சோறு வைக்கல்ல அக்கா. மரச்சீனியும் நெத்தோலிக் கறியும்தான்... ஒரு அரை மணிக்கூறு இருந்தா..." என்று திக்கினார்.

"அரை மணிக்கூறு எதுக்கு? மரச்சீனி போதும். இலையைப் போடு."

நான் கவரைப் படியில் வைத்துவிட்டு வாழையிலை வெட்டப் பின்பக்கம் ஓடினேன். அவசரத்தில் முதலில் வெட்டின இலை நடுவே கிழிந்துபோயிற்று. அவர்களுக்கு வேறு நல்ல இலைகள் வெட்டினேன். கிழிந்த இலையில் நான் சாப்பிட்டேன்.